மூலையில் நின்ற அண்ணன்: தர்மராஜ் சேரலாதனின் கபடிப் பயணம்

முன்னுரை

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் பட்டாசு எப்படி உருவாகிறது என்று சின்னப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். குழாய் உருட்டுபவர் ஒருவர், மருந்து செலுத்துபவர் ஒருவர், கருந்திரி வைப்பவர் ஒருவர், பெட்டியில் அடுக்குபவர் இன்னொருவர். இத்தனை கைகள் மாறித்தான் ஒரு வெடி தீபாவளிக்குத் தயாராகிறது. ஆனால் தீபாவளி அன்று ஊர் பார்ப்பது வெடிப்பதை மட்டும்தான். திரி வைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. திரி சரியில்லாமல் வெடி புஸ்ஸென்று போனால் மட்டும் "யாரப்பா இதைச் செய்தது?" என்று கேட்பார்கள்!

விளையாட்டிலும் அப்படிப்பட்ட வேலைகள் உண்டு. சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. தவறினால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். அமெரிக்கக் கால்பந்தில் 'லைன்மேன்' செய்வது அந்த வேலைதான். நம் கபடியில் அதற்கு மிக நெருக்கமானது 'கார்னர்' எனப்படும் மூலைக் காவல். அந்த மூலையில் நின்றே 40 வயதைக் கடந்தும் ஆடி, ஒரு தொழில்முறை அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்து, உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பிடித்த தமிழர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் தர்மராஜ் சேரலாதன். கபடி வட்டாரத்தில் வடநாட்டு வீரர்களும் அவரை 'அண்ணா' என்றுதான் அழைத்தார்கள்.

அவர் கடந்து வந்த பாதையையும், காவல் காக்கும் ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டு உலகம் கொடுக்கும் மதிப்பையும் இக்கட்டுரையில் பார்க்கலாம்.

லைன்மேன் என்பவர் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்கு 11 பேர். பந்து தங்கள் கையில் இருக்கும்போது ஐந்து பேர் முன்வரிசையில் சுவர் போல நிற்பார்கள். இவர்களே தாக்குதல் வரிசையின் லைன்மேன்கள். நடுவில் ஒருவர், அவருக்கு இரு பக்கமும் இருவர், அவர்களுக்கும் வெளியே இரு முனைகளில் இருவர். பெரும்பாலும் 135 கிலோவுக்கு மேல் எடை உள்ள மனிதர்கள். இவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கவும் சாதாரணமாக இவர்களுக்கு அனுமதி இல்லை. பந்தை எறியும் 'குவார்ட்டர்பேக்' வீரரின் மீது எதிரணி பாய்ந்துவிடாமல் தடுப்பதே வேலை. சில விநாடிகள் தாக்குப்பிடித்தால் போதும். அந்தச் சில விநாடிகளில்தான் ஆட்டம் தீர்மானிக்கப்படுகிறது.

புரூஸ் மேத்யூஸ் என்ற லைன்மேன் 1983 முதல் 2001 வரை 19 சீசன்கள், 296 ஆட்டங்கள் ஆடினார். ஐந்து இடங்களிலும் நின்று ஆடிய அபூர்வமான வீரர். ஆனால் அவர் எத்தனை முறை எதிரியைத் தடுத்தார் என்பதற்கு, ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் இருப்பது போன்ற அதிகாரப்பூர்வமான கணக்கு கிடையாது. ஆட்டக் குறிப்பில் லைன்மேன் பெயர் தனியாக வருவது பெரும்பாலும் அவர் விதி மீறி அபராதம் வாங்கும்போதுதான்!

இந்த நிலை மாறத் தொடங்கியது ஒரு விபத்துக்குப் பிறகு. 1985 நவம்பர் 18 அன்று தொலைக்காட்சியில் நேரலையாக வந்த ஆட்டத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்ததில், வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. வலது கைக்காரரான குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது இடது பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் காப்பவர் இடது முனை லைன்மேன். 1993இல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோது, இந்த முனைக் காவலர்களின் சம்பளம் விறுவிறுவென்று ஏறியது. மூலையின் அருமை அப்போதுதான் புரிந்தது.

இனி நம் மண்ணின் ஆட்டத்துக்கு வருவோம்.

கபடியில் மூலை

கபடியை நம் ஊர்களில் சடுகுடு என்பார்கள். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு அணிக்கு ஏழு பேர். பாடி வருபவருக்கு 30 விநாடி. தடுக்கும் அணி ஒரு வளைவாக நிற்கும். இரண்டு முனைகளில் இரு கார்னர்கள், அவர்களுக்கு அருகே 'இன்' ஆட்டக்காரர்கள், பிறகு 'கவர்'கள், நடுவில் ஒருவர்.

பாடி வருபவர் ஏறி வரும்போது இந்த வளைவு விரியும், சுருங்கும், பின்வாங்கும். கார்னர் அவருடைய பக்கவாட்டில், சற்றே பின்னால் இருப்பார். பாடி வருபவரின் கண் நடுவில் இருப்பவர்களைப் பார்க்கும்போது, அவருடைய கால் கார்னருக்குப் பக்கத்தில் வரும். அந்த நொடியில் குனிந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மட்டும் போதாது, இழுத்து நிறுத்த வேண்டும். மற்றவர்கள் ஓடி வந்து அமுக்கும் வரை விடக்கூடாது. அரை நொடி முந்தினால் பாடுபவர் காலைத் தூக்கித் தாண்டிவிடுவார். அரை நொடி பிந்தினால் அவர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், தொட்ட கார்னர் வெளியே போக வேண்டியதுதான்.

இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பாடிப் போகிறவர் ஒரே பாட்டில் மூன்று, நான்கு பேரைத் தொட்டு அத்தனை புள்ளிகளையும் எடுக்கலாம். பிடிப்பவருக்கு எவ்வளவு அருமையான பிடி பிடித்தாலும் ஒரு புள்ளிதான். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் கூடுதலாக ஒரு புள்ளி. அதனால்தான் புரோ கபடியில் பாடுபவருக்குப் பாராட்டு அளவுகோல் 10 புள்ளி என்றால், பிடிப்பவருக்கு 5 புள்ளி.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. நல்ல கார்னர் நிற்கும் பக்கம் பாடி வருபவர் போகவே தயங்குவார். வந்து, பார்த்து, நேரத்தைப் போக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அந்தப் பாட்டில் யாருக்கும் புள்ளி கிடையாது. அவரைத் திரும்ப வைத்தது மூலையில் நின்றவரின் நிற்பு என்று எந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. லைன்மேனும் கார்னரும் ஒன்றுபடும் இடம் இதுதான்.

ஒரு வித்தியாசமும் உண்டு. லைன்மேனுக்கு உடல் பாரம் ஒரு ஆயுதம். கபடியில் தேசிய அளவில் ஆண்களுக்கு 85 கிலோ உச்சவரம்பு. ஆகவே கார்னர் எடையால் அல்ல, நேரக் கணிப்பால் வாழ்கிறவர்.

காவிரிக் கரையிலிருந்து

சேரலாதன் பிறந்தது 1975இல், தஞ்சாவூர் மாவட்டத்தின் திருச்சனம்பூண்டி கிராமத்தில். நெல் விளையும் டெல்டா மண். விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் காட்டுக்கும் அந்த மண்ணுக்கும் நிறத்திலும் ஈரத்திலும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் சுண்ணாம்பைத் தூவிக் கோடு போட்டால் கபடிக் களம் தயார். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காலணி கூட வேண்டாம். கிராமத்துப் பிள்ளைகளிடம் இந்த ஆட்டம் வேரூன்றி நின்றதற்கு இதுவே பெரிய காரணம்.

அவருடைய வயதைக் கபடியின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 15. தங்கம் வென்ற அந்த இந்திய அணியில் தமிழ்நாட்டின் ராஜரத்தினம் இருந்தார். 1994இல் ஹிரோஷிமாவில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றபோது அணியில் தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்தின் கணேசன் இருந்தார். பின்னர் அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. 2025இல் வெளியான மாரி செல்வராஜின் 'பைசன்' திரைப்படத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர் இந்த மணத்தி கணேசனே.

அந்தக் காலத்தில் கபடி ஆடுபவரின் உச்சபட்சக் கனவு என்ன? நாட்டுக்காக ஆட வேண்டும். அதற்குப் பிறகு, அல்லது அதற்கு முன்பே, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கி என்று நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. ஆட்டம் நன்றாக இருந்தால் வேலை, வேலை இருந்தால் ஆட்டம். ஆடுவதற்கென்றே சம்பளம் என்பது கபடியில் கேள்விப்படாத ஒன்று. வேலை கிடைக்காதவர்கள் திருவிழாப் போட்டிகளில் ஊர் ஊராகச் சென்று ஆடுவார்கள். பரிசுத் தொகையை ஏழாகவோ பத்தாகவோ பங்கு போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறுவார்கள்.

1990 முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆண்கள் கபடியில் தங்கம் இந்தியாவுக்கே. ஆனாலும் அந்த வீரர்களின் பெயர்கள் பொதுமக்களுக்குத் தெரியாது. அந்த 24 ஆண்டுகள்தான் சேரலாதனின் 15 வயது முதல் 39 வயது வரையிலான காலம். ஒரு விளையாட்டு வீரனின் உடம்பு தரக்கூடிய நல்ல வருடங்கள் அத்தனையும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

39 வயதில் ஒரு தொடக்கம்

2014 ஜூலை 26 அன்று புரோ கபடி லீக் தொடங்கியது. எட்டு அணிகள். மண் தரைக்குப் பதில் விரிப்பு, விளக்குகள், காலணி, பெயர் பொறித்த பனியன், நேரலைத் தொலைக்காட்சி. அந்த ஆண்டு ஏலத்தில் அதிகத் தொகைக்குப் போனவர் ராகேஷ் குமார். தொகை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால் கபடிக்காரர்களுக்கு அது நம்ப முடியாத தொகை!

சேரலாதன் பெங்களூரு புல்ஸ் அணியில் சேர்ந்தார். பெரும்பாலான விளையாட்டுகளில் 39 வயது என்பது விடைபெறும் வயது. அமெரிக்காவின் புரூஸ் மேத்யூஸ் 40 வயதில் ஓய்வு பெற்றதையே அங்கே அதிசயமாகப் பேசினார்கள். சேரலாதனுக்கோ தொழில்முறை வாழ்க்கை அந்த வயதில்தான் ஆரம்பமே ஆனது.

2015இல் பெங்களூரு இறுதிப் போட்டி வரை வந்தது. யு மும்பாவிடம் 30-36 என்ற கணக்கில் தோற்றது. எதிரணியில் கவர் இடத்தில் நின்று கோப்பை வென்றவர்களில் ஒருவர் இன்னொரு தமிழர், ஜீவா குமார். பாடிப் போய் புள்ளி குவிக்கும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் வடமாநிலங்களிலிருந்து வந்த அந்த நாட்களில், தமிழ்நாடு லீக்குக்குக் கொடுத்த முதல் பெரிய பெயர்களில் பிடிப்பவர்கள் முன்னே நின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த சீசனில் சேரலாதன் தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்கு மாறினார். அதற்கடுத்து வந்ததுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய ஆண்டு.

2016: ஒரே ஆண்டில் இரண்டு கோப்பைகள்

2016இல் நான்காவது சீசன். சேரலாதன் பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டன் ஆனார். வயது 41. அந்த அணியின் முக்கியமான பாடுபவர் பர்தீப் நர்வால், வயது 19. கேப்டனின் வயதில் பாதிக்கும் குறைவு!

பர்தீப் பாடிப் போய்ப் புள்ளிகளைக் குவித்தார். தொலைக்காட்சி அவரையே திரும்பத் திரும்பக் காட்டியது. அதில் தவறில்லை, அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் பாடுபவர் துணிந்து ஏற வேண்டுமானால், பின்னால் தன் அணி பிடித்துவிடும் என்ற நம்பிக்கை வேண்டும். தான் வெளியே உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஒருவர் எதிரணியைப் பிடித்துத் தன்னை உயிர்ப்பித்து உள்ளே கொண்டுவர வேண்டும். கபடியில் ஒரு பிடி என்பது ஒரு புள்ளி மட்டும் அல்ல, வெளியே இருக்கும் ஒருவர் திரும்பி வருவதும்கூட. இளைஞனுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுப்பதே மூத்தவரின் வேலையாக இருந்தது.

2016 ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் இறுதிப் போட்டி. பாட்னா 37, ஜெய்ப்பூர் 29. கோப்பையைத் தூக்கியவர் திருச்சனம்பூண்டிக்காரர்.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. அனூப் குமார் தலைமையிலான இந்திய அணியில் சேரலாதனும் இடம்பெற்றார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று இந்தியா தோற்றபோது நாடே திகைத்தது. பிறகு அணி மீண்டு, அரையிறுதியில் தாய்லாந்தை 73-20 என்று வென்றது. அக்டோபர் 22 அன்று இறுதிப் போட்டி, எதிரணி ஈரான். இடைவேளையில் ஈரான் 18-13 என முன்னிலை. இரண்டாம் பாதியில் அஜய் தாக்கூர் பாடிப் போய் ஆட்டத்தைத் திருப்பினார். முடிவு 38-29, கோப்பை இந்தியாவுக்கு.

அந்த இரவின் நாயகன் அஜய் தாக்கூர். எல்லாப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. ஆசிய விளையாட்டுத் தங்கங்கள் வந்து குவிந்த காலமெல்லாம் வெளிச்சத்துக்கு வராத ஒரு 41 வயதுக்காரர் உலகக் கோப்பைப் பதக்கத்தோடு மேடையில் நின்றது பெரிதாகப் பேசப்படவில்லை.

கோப்பை வாங்கிய கேப்டன் ஏலத்தில்...

2017இல் லீக் பெரிதானது. எட்டு அணிகள் பன்னிரண்டு ஆயின. பழைய அணிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வீரரை மட்டும் ஏலத்துக்கு அனுப்பாமல் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. பாட்னா யாரைத் தக்கவைத்தது? பர்தீப் நர்வாலை. கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன் ஏலத்துக்குப் போனார்.

வியாபாரமாகப் பார்த்தால் பாட்னா செய்தது சரி. 20 வயது இளைஞனா, 42 வயது மூத்தவரா என்றால் எந்த முதலாளியும் இளைஞனைத்தான் எடுப்பார். அந்த ஆண்டும் பாட்னாவே கோப்பை வென்று அந்த முடிவை நியாயப்படுத்தியது. ஆனால் தொழில்முறை விளையாட்டு நன்றிக்கடன் பார்ப்பதில்லை என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம். அமெரிக்க லைன்மேன்களும் இதை நன்றாக அறிவார்கள். முழங்கால் வலிக்கத் தொடங்கியதும் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

அந்த ஏலத்தில் புனேரி பல்தான் அணி சேரலாதனை 46 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதே ஏலத்தில் அதிகபட்சத் தொகைக்குப் போன நிதின் தோமர் ஒரு பாடுபவர், 93 லட்சம். ஏறத்தாழ அதில் பாதி! ஆனாலும் 42 வயதில் ஒரு பிடிப்பவருக்கு 46 லட்சம் என்பது, மூன்றாண்டுகளுக்கு முன் நாட்டிலேயே விலை உயர்ந்த வீரர் பெற்றதைப் போல மூன்றரை மடங்கு. அவருடைய விலையை ஏற்றியது அவர் கைவசம் இருந்த அனுபவம்தான்.

இன்னொரு வேடிக்கையும் அந்த ஆண்டில் நடந்தது. தமிழ்நாட்டுக்கென்று முதன்முறையாக 'தமிழ் தலைவாஸ்' அணி வந்தது. அந்த அணியும் ஒரு கார்னரைத் தேடி 63 லட்சம் கொடுத்து எடுத்தது. எடுக்கப்பட்டவர் ஹரியானாவின் அமித் ஹூடா. தமிழ்நாட்டின் மூத்த கார்னரோ புனேவுக்குப் போனார். பெங்களூரு, ஹைதராபாத், பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று நாடு முழுக்க ஆடிய சேரலாதன், ஒரு வீரராகத் தன் சொந்த மாநிலத்தின் அணிக்கு ஒரு சீசன் கூட ஆடவில்லை.

தன்னைவிட இளைய பயிற்சியாளர்

2018இல் அவர் யு மும்பா சென்றார. அங்கே ஒரு மூலையில் ஈரானின் ஃபசல் அத்ராசலி, மறு மூலையில் சேரலாதன். ஒருவர் உலகக் கோப்பை இறுதியில் தோற்ற அணி, மற்றவர் வென்ற அணி. இப்போது ஒரே வளைவின் இரு முனைகள்! அந்த ஆண்டு ஏலத்தில் ஒரு கோடி ரூபாயைத் தொட்ட முதல் வீரர் என்ற பெயர் இந்த ஃபசலுக்குத்தான் கிடைத்தது. அவர் பாடுபவர் அல்ல, கார்னர். அமெரிக்காவில் 1993க்குப் பிறகு லைன்மேனுக்கு நடந்தது, கபடியில் 2018இல் கார்னருக்கு நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதே 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. 1990 முதல் கைவிடாமல் வைத்திருந்த தங்கம் கைநழுவியது. உலகின் சிறந்த பாடுபவர்கள் என்று பெயரெடுத்த இந்திய வீரர்கள் ஒரு முழு ஆட்டத்தில் 18 புள்ளியோடு நின்றார்கள். பிடிப்பவர்களின் அருமையை இந்தியா இழப்பின் வழியாகக் கற்றுக்கொண்டது.

2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணி சேரலாதனை எடுத்துக் கேப்டனாகவும் ஆக்கியது. கபடியின் தலைநகரம் என்று சொல்லத்தக்க மாநிலம் ஹரியானா. அங்கிருந்துதான் இந்திய அணிக்கு வீரர்கள் அதிகம் வருகிறார்கள். அந்த மாநிலத்தின் அணிக்குத் தமிழ்நாட்டுக்காரர் தலைவர்! அவருக்கு வயது 44. அணியின் பயிற்சியாளர், முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போன அதே ராகேஷ் குமார். அவருக்கு வயது 37. பயிற்சியாளரைவிட ஆடுபவர் ஏழு வயது மூத்தவர். அணி பிளே-ஆஃப் சுற்று வரை சென்று யு மும்பாவிடம் தோற்றது.

கொரோனாவால் ஓராண்டு லீக் நடக்கவில்லை. 2021 டிசம்பரில் பெங்களூருவில் ஒரே இடத்தில், பார்வையாளர்கள் இல்லாமல் எட்டாவது சீசன் நடந்தபோது, 46 வயதில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் அணியில் அவர் பெயர் இருந்தது. அப்போது களத்தில் இருந்த சில இளைஞர்கள் பிறந்தபோது சேரலாதன் 25 வயது ஆட்டக்காரர்.

இத்தனை ஆண்டு எப்படி முடிந்தது?

பாடுபவரின் ஆட்டம் வேகத்தை நம்பியது. 30 வயதைத் தாண்டினால் கால் ஒரு இம்மி மெதுவாகும். அந்த இம்மியில் பிடிபட்டுவிடுவார். கார்னரின் ஆட்டம் பெரும்பகுதி கண்ணை நம்பியது. பாடி வருபவர் எந்தக் காலில் எடையை வைக்கிறார், எப்போது மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் திரும்புவார் என்பதை ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பார்த்தவரால் முன்கூட்டியே சொல்ல முடியும். முன்கூட்டியே தெரிந்தவர் வேகமாக ஓட வேண்டியதில்லை, சரியான இடத்தில் நின்றால் போதும்.

இரண்டாவது காரணம், சும்மா இருக்கத் தெரிவது. இளம் கார்னர்கள் செய்யும் பெரிய தவறு அவசரப்பட்டுப் பாய்வது. பாய வேண்டாத பாட்டில் பாயாமல் இருப்பதும் ஒரு திறமைதான். களத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர் அருகில் நிற்பது, நான்கு இளைஞர்களின் ஆட்டத்தைச் சேர்த்து உயர்த்தும். 40 வயதுக்கு மேல் அணிகள் அவரைப் பணம் கொடுத்து வாங்கியதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். கைக்கும் சேர்த்து, வாய்க்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு துயரமும் இருக்கிறது. 2014க்குப் பின் அவர் பிடித்த ஒவ்வொரு பிடியும் கணக்கில் இருக்கிறது. எந்த ஆட்டம், எத்தனை புள்ளி என்று எவரும் பார்க்கலாம். அவை அத்தனையும் 39 வயதுக்கு மேற்பட்ட ஒருவரின் பிடிகள். 20 வயதிலும் 28 வயதிலும் அவர் பிடித்தவை திருவிழாத் திடல்களிலும், சாதாரணப் போட்டிகளின் மதிப்பெண் தாள்களிலும் கரைந்துவிட்டன. அவருக்காவது பின்னால் ஒரு பத்தாண்டு வெளிச்சம் கிடைத்தது. அவரோடு ஆடத் தொடங்கி, 2014 வருவதற்குள் முழங்கால் போய், ஓய்ந்துவிட்டவர்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் என்பது கூட ஆடியவர்களுக்கு மட்டுமே தெரியும்.

முடிவுரை

2024இல் நடந்த பதினொன்றாவது சீசனில் தமிழ் தலைவாஸ் அணியின் வியூகப் பயிற்சியாளராகச் சேரலாதன் வந்தார். வீரராகக் கிடைக்காத வாய்ப்பு பயிற்சியாளராகக் கிடைத்தது. அணி அந்த முறை பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்லவில்லை. வெற்றி தோல்வி ஒருபுறம் இருக்க, பத்தாண்டு காலம் பிற மாநிலத்து இளைஞர்களுக்கு அண்ணனாக இருந்தவர் கடைசியில் சொந்த மாநிலத்தின் அணிக்கு வந்து சேர்ந்தார் என்பதில் ஒரு நிறைவு உண்டு.

நாரணாபுரம் போன்ற ஊர்களில் சாயங்கால வெயில் தாழ்ந்ததும் கபடி ஆடும் பையன்களைப் பார்த்தால், எல்லோரும் பாடிப் போகத்தான் விரும்புவார்கள். மூலையில் நிற்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். மூலையில் நிற்பவனுக்குக் கைதட்டல் குறைவு, சிராய்ப்பு அதிகம். ஆனால் அந்த மூலையிலிருந்துதான் ஒருவர் ஏழு அணிகளுக்கு ஆடி, ஒரு கோப்பையைக் கேப்டனாகவும் ஒரு உலகக் கோப்பையை வீரராகவும் தொட்டார்.

கருந்திரி வைக்கும் கைகள் நிறைந்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெடி வானத்தில் விரியும்போது அடுத்த முறை ஒரு நொடி அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ளலாம். கபடி பார்க்கும்போது, பாடுபவர் வெறுங்கையோடு திரும்பினால், மூலையில் யார் நிற்கிறார் என்று ஒருமுறை பார்க்கலாம்.